உறுதிக்குக் கரை வேண்டும்



மன உறுதியைப் போற்றாத அறநூல் இல்லை. அதை எடுத்துக் கூறாத ஆசிரியரும் இல்லை. எடுத்த செயலை விடாதே, இடர் வந்தாலும் தளராதே என்று வீட்டிலும் கேட்கிறோம், பள்ளியிலும் கேட்கிறோம். விளையாட்டுத் திடலில் இளைஞர்களைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவன் நான். ஆகவே இந்த அறிவுரையைப் பிறரைவிடச் சற்று மிகுதியாகவே வழங்குகிறவன் எனலாம். ஆயினும் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உறுதி வேண்டும், ஆனால் அது எதை நோக்கிச் செல்ல வேண்டும்? ஆற்று வெள்ளம் வலிமை உடையது. கரைக்குள் ஓடும்போது அது கழனியை வாழ்விக்கிறது. கரையை உடைக்கும்போது அதே கழனியை அழிக்கிறது. மனத்தின் உறுதியும் அத்தகையதே என்பது என் கருத்து.

இக்கருத்தை ஒரு வீராங்கனையின் வாழ்க்கையைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அவர் இங்கிலாந்து நாட்டுப் பெண்மணி; பெயர் கிறிஸ்ஸி வெலிங்டன். அவர் ஈடுபட்ட விளையாட்டு டிரையத்லான். முப்பதாவது வயதில்தான் அவர் அதைத் தொழிலாக மேற்கொண்டார். அந்த ஆண்டிலேயே உலகப் பட்டம் பெற்றார். 2007 முதல் 2011 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை அப்பட்டம் அவருடையதாயிற்று. அயர்ன்மேன் தொலைவுப் போட்டிகள் பதின்மூன்றில் இறங்கினார். பதின்மூன்றிலும் பெண்களில் முதல்வராக வந்தார். இத்தகைய உயர்வு எவ்வாறு வாய்த்தது என்பதைக் காண்போம்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையே நிறுத்தாமல் அடுத்தடுத்துச் செய்து முடிப்பதே டிரையத்லான். 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் விரிகுடாவின் கரையில் 46 பேர் கலந்துகொண்ட ஒரு பந்தயம் இப்பெயரோடு நடந்தது. ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் என்பவரும் அவர் துணைவியார் ஜூடியும் அதற்கு மேலும் நீண்ட வடிவம் தந்தனர். நீந்துபவர், மிதிவண்டி ஓட்டுபவர், ஓடுபவர் ஆகியோருள் உடல் வலிமை மிக்கவர் யார் என்று நண்பர்களிடையே வாதம் எழுந்தது. வாதத்தைச் சொல்லால் முடிக்க இயலாது என்று கண்டு, தீவில் தனித்தனியே நடந்துவந்த கடல் நீச்சலையும், தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பயணத்தையும், மராத்தான் ஓட்டத்தையும் ஒரே நாளில் செய்துபார்க்கத் துணிந்தனர். 1978 பிப்ரவரி 18 அன்று ஓவாஹு தீவில் 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி எடுத்துக்கொண்டார். அயர்ன்மேன், அதாவது இரும்பு மனிதன், என்னும் பெயரோடு இன்று உலகறிந்த போட்டி இதுவே. 1981-இல் அது ஹவாயின் பெருந்தீவில் உள்ள கோனாவுக்கு மாறியது.

இதன் தொலைவுகளை நினைத்துப் பாருங்கள். கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் 180 கிலோமீட்டர் மிதிவண்டியில் செல்ல வேண்டும். இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். கோனாவின் சாலை எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளின் நடுவே செல்கிறது. நிழல் இல்லை. பாறையின் வெப்பம் கீழிருந்து சுடும். பக்கத்திலிருந்து வீசும் பெருங்காற்று வண்டியைச் சாய்க்கும்.

முதல் அயர்ன்மேன் போட்டி நடந்த நாளில் கிறிஸ்ஸிக்குச் சரியாக ஒரு வயது நிறைந்தது. அவர் பிறந்தது 1977 பிப்ரவரி 18. கிழக்கு இங்கிலாந்தில் நார்போக் மாவட்டத்தைச் சேர்ந்த பெல்ட்வெல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். சிறுமியாக இருந்தபோது நீச்சல் கழகம் ஒன்றில் சேர்ந்து நீந்தினார். ஆனால் அவரை வருங்கால உலக வீராங்கனை என்று எவரும் சுட்டிக்காட்டியதில்லை. அவருடைய ஆர்வமெல்லாம் படிப்பில் இருந்தது. எதைச் செய்தாலும் முதல் தரமாகச் செய்ய வேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே அவரிடம் இருந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து முதல் வகுப்பில் தேறினார். பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வளர்ச்சித் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

மதிப்பெண்களை மட்டும் பார்ப்பவர், குறையேதுமில்லாத மாணவி என்றே சொல்லியிருப்பார். உள்ளே நடந்தது வேறு. எதையும் முழுமையாக அடக்கியாள வேண்டும் என்ற அந்த வேட்கை அவருடைய உடம்பின் மீதே திரும்பியது. உணவைப் பற்றிய அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. உடல் மெலிய மெலியத் தாம் வென்றுவருவதாக அவர் மனம் அவரை ஏமாற்றியது. மருத்துவர்கள் இதை ஒரு நோய் என்றே வகுத்துள்ளனர். பல்கலைக்கழகக் காலத்தில் இந்நோய்க்கு ஆளானதைக் கிறிஸ்ஸியே பின்னாளில், 2012-இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில், மறைக்காமல் எழுதினார். அன்புடையோரின் துணையோடு அவர் மீண்டார்.

மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ண வேண்டுகிறேன். நோயுற்ற நாட்களில் கிறிஸ்ஸியிடம் மன உறுதி இல்லை என்று சொல்ல முடியுமா? பசியையே மறுக்கும் அளவுக்கு உறுதி இருந்தது. பிற்காலத்தில் அவரை உலகின் உச்சிக்குக் கொண்டுசென்றதும் அதே உறுதிதான். வேறு உறுதி ஒன்று இடையில் வந்து சேர்ந்துவிடவில்லை. முன்னது கரையை உடைத்த வெள்ளம். பின்னது கரைக்குள் ஓடிய வெள்ளம். எனவே அவருடைய உயர்வின் வரலாறு என்பது உறுதியைப் பெற்ற வரலாறு அன்று. உறுதிக்குக் கரை கட்டிய வரலாறு என்றே நான் கொள்கிறேன்.

கல்வி முடிந்தபின் அவர் பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல், உணவு, ஊரக நலத் துறையில் பணியில் அமர்ந்தார். நாடுகளிடையே நிகழும் வளர்ச்சிப் பணி பற்றிய கொள்கைகளை வகுப்பது அவர் வேலை. தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் நகரில் 2002-இல் நடைபெற்ற நிலைத்த வளர்ச்சிக்கான உலக மாநாட்டுப் பணியிலும் பங்கு கொண்டார். அதே ஆண்டில் லண்டன் மராத்தானில் முதன்முறையாக ஓடி 3 மணி 8 நிமிடத்தில் முடித்தார். பொழுதுபோக்காக ஓடுபவருக்கு இது வியப்பான நேரம். அடுத்த ஆண்டு மிதிவண்டியில் செல்லும்போது கார் ஒன்று அவர்மீது மோதியது. ஓட இயலாத நிலையில் இளமையில் பழகிய நீச்சலுக்குத் திரும்பினார். நீச்சலும் ஓட்டமும் கைவசம் இருப்பதைக் கண்ட நண்பர்கள் டிரையத்லானில் இறங்குமாறு தூண்டினர்.

2004-இல் அவர் அதைத் தொடங்கிய விதம் சிரிப்புக்கு இடம் தருவது. இரவலாகப் பெற்ற நீச்சல் உடைக்குள் நீர் புகுந்து நிறைந்துவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை. காவலுக்கு நின்ற படகினர் அவரைக் கரை சேர்க்க வேண்டியதாயிற்று. இன்னும் மூன்று ஆண்டுகளில் உலகப் பட்டம் பெறப்போகிறவர் இவர் என்று அன்று அந்தக் கரையில் நின்ற எவரேனும் நினைத்திருப்பாரா?

அந்த ஆண்டின் பிற்பகுதியில் கிறிஸ்ஸி அரசுப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று நேபாளம் சென்றார். உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. ஊரக மறுசீரமைப்பில் ஈடுபட்ட தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, குடிநீர், துப்புரவு ஆகியவை தொடர்பான பணியை மேற்கொண்டார். மலைநாட்டில் மிதிவண்டி அவருக்கு உற்ற துணையாயிற்று. காலை வேளையில், வேலைக்கு முன்னர், நண்பர்களோடு காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் மேடுகளில் ஏறி இறங்குவார். ஒரு முறை திபெத்தின் தலைநகரான லாசாவிலிருந்து காட்மாண்டு வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மிகுதியான மலைவழியை, மிதிவண்டியிலேயே கடந்தார். காற்றில் உயிர்வளி குறைந்த உயரங்களில், பனியிலும் புழுதியிலும் சென்ற பயணம் அது.

பந்தயம் எதற்கும் அவர் இவ்வாறு பயிலவில்லை. பதக்கம் பற்றிய எண்ணமும் இல்லை. ஆனால் உடம்பு கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. உயர்ந்த மலையில் பல மாதம் உழைப்பவரின் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. நெடுநேரம் உழைக்கும் தசைகளுக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்குழல்கள் வளர்கின்றன. சிவப்பணுக்களின் பெருக்கம் மலையிறங்கிய சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற தாங்கும் ஆற்றல் அவ்வளவு விரைவில் போவதில்லை. திடீரென்று உயர்ந்தார் என்று பின்னாளில் செய்தித்தாள்கள் எழுதின. நேபாளத்து மலைப்பாதைகளை அவை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை போலும்.

2006-இல் தாய்நாடு திரும்பி மீண்டும் அரசு அலுவலகத்தில் அமர்ந்தார். அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் பயிற்சி செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாதோருக்கு நடந்த உலகப் போட்டியில் தம் வயதுப் பிரிவில் முதல் இடம் பெற்றார். அப்போதுதான் வாழ்க்கையின் பெரிய கேள்வி அவர் முன் நின்றது. கையில் நல்ல பதவி இருக்கிறது, மாதந்தோறும் ஊதியம் வருகிறது, மதிப்பும் உண்டு. வயதோ முப்பதை எட்டுகிறது. பல வீரர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றி எண்ணத் தொடங்கும் அந்த வயதில் புதிதாக ஒரு விளையாட்டைத் தொழிலாக மேற்கொள்வதா?

அவர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்திலுள்ள லேசான் என்னும் மலையூருக்குச் சென்று, உலக வீரர் பலரை உருவாக்கிய பயிற்சியாளர் ஒருவரிடம் தம்மைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். தமக்குத் தகுதி உண்டா என்பதைத் தம் ஆசையிடம் கேட்காமல் அறிந்தவரிடம் கேட்டார். தகுதி உண்டு என்று அறிந்த பின்னரே பதவியைத் துறந்தார். பயிற்சியாளர் ஐயுற்றது அவர் உடம்பை அன்று. எதையும் தம் பிடிக்குள் வைத்துக்கொள்ளத் துடிக்கும் அவர் மனத்தையே. உழைக்கச் சொன்னால் உழைப்பார். ஓயச் சொன்னால்தான் அவரால் இயலவில்லை.

ஓய்வைச் சோம்பல் என்று எண்ணும் மாணவர்களை நான் திடலில் பார்க்கிறேன். பந்தயத்துக்கு முதல் நாளும் மூச்சு வாங்க ஓடுவார்கள். ஓடாத நாளைக் குற்றமாகக் கருதுவார்கள். அவர்களுக்கு நான் உடலியல் கூறும் உண்மையை எடுத்துச் சொல்வதுண்டு. பயிற்சியின்போது தசை வலுப்பெறுவதில்லை, நைந்துபோகிறது. நைந்ததைச் செப்பனிட்டு முன்னைவிட வலிதாக்கும் வேலையை உடம்பு ஓய்விலும் உறக்கத்திலும்தான் செய்கிறது. ஓய்வு இல்லாத பயிற்சி, செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு உலருமுன் இடித்துவிடுவது போன்றது. கிறிஸ்ஸி கற்ற மிகக் கடினமான பாடம் இதுவே. ஓய்வு நாளில் ஓய்ந்திருக்க அவர் தம் மனத்தோடு போராட வேண்டியிருந்தது.

உணவு பற்றியும் ஒரு செய்தி. நம் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படும் மாவுப்பொருள் ஏறத்தாழ ஐந்நூறு கிராம் அளவே. கடும் உழைப்பில் சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். எட்டு ஒன்பது மணி நேரம் நீடிக்கும் போட்டியில் வீரர்கள் வழியிலேயே மணிக்கு அறுபது முதல் தொண்ணூறு கிராம் வரை மாவுச்சத்தும், தேவையான நீரும் உப்பும் உட்கொண்டுவர வேண்டும். உண்ணாதவர் எவ்வளவு உறுதி உடையவராயினும் சாலையோரத்தில் அமர்ந்துவிடுவார். ஒரு காலத்தில் உணவைப் பகையாகக் கருதிய பெண்ணுக்கு, உண்பதே கடமையாகிவிட்ட விளையாட்டு வாய்த்தது. உடம்பை ஒடுக்கி வெல்ல முடியாத ஒரு போட்டியில், உடம்பைப் பேணி வெல்ல அவர் கற்றுக்கொண்டார்.

பயன் விரைவிலேயே தெரிந்தது. 2007 ஆகஸ்டில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஆல்ப் துவேஸ் என்னும் இடத்தில் நடந்த நெடும்போட்டியில் வென்றார். அதே மாத இறுதியில் கொரியாவில் முதல் அயர்ன்மேன் போட்டியில் இறங்கி வென்றார். அந்த வெற்றி கோனாவுக்கு வழி திறந்தது. அக்டோபர் 13 அன்று கைலுவா விரிகுடாவில் வரிசையாக நின்றவர்களுள் அவரைப் பற்றி முன்னரே அறிந்தோர் மிகச் சிலர். மிதிவண்டிப் பகுதியில் அவர் முன்னணிக்கு வந்தபோது, இவர் யார் என்ற கேள்வியே எங்கும் எழுந்தது. 9 மணி 8 நிமிடம் 45 விநாடியில் எல்லைக் கோட்டைக் கடந்தார். இரண்டாம் இடம் பெற்ற கனடா நாட்டு வீராங்கனை ஏறத்தாழ ஐந்து நிமிடம் பின்னால் வந்தார். தொழிலாக மேற்கொண்ட முதல் ஆண்டிலேயே உலகப் பட்டம் கிடைத்தது.

மறு ஆண்டு நடந்தது இதைவிடச் சிறப்பானது. முன்னணியில் சென்றுகொண்டிருந்த அவருடைய வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. சக்கரத்தை நிரப்பக் கையோடு வைத்திருந்த வாயுக்குப்பிகள் வீணாயின. போட்டியாளர் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போயினர். பத்து நிமிடத்துக்கும் மேலாகச் சாலையோரத்தில் நின்றார். அவ்வழியே வந்த ஆஸ்திரேலிய வீராங்கனை ரெபெக்கா கீட், தமக்கென வைத்திருந்த குப்பி ஒன்றை அவரிடம் வீசிவிட்டுச் சென்றார். தம் சக்கரத்துக்கு ஊறு நேர்ந்தால் தமக்கு உதவ எவர் வருவார் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. சக்கரம் நிரம்பியது. கிறிஸ்ஸி முன்சென்ற அனைவரையும் எட்டிக் கடந்து, 9 மணி 6 நிமிடம் 23 விநாடியில் மீண்டும் பட்டம் வென்றார். தன் வலிமையையே நம்பிய மனம் பிறர் தரும் உதவியைக் கைநீட்டிப் பெறவும் பழக வேண்டும். வென்றவரின் பெயரோடு கீட் என்பவரின் பெயரையும் நினைவில் வைத்திருப்பது நம் கடமை என்று எண்ணுகிறேன்.

2009-இல் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 54 நிமிடம் 2 விநாடி. பாலா நியூபி பிரேசர் என்னும் வீராங்கனை 1992-இல் நாட்டியிருந்த கோனாச் சாதனை பதினேழு ஆண்டுகளுக்குப் பின் முறியடிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளாகத் தோல்வி அறியாதவர். நான்காவது பட்டமும் அவருக்கே என்று விளையாட்டுலகம் உறுதியாக நம்பியிருந்தது.

2010 அக்டோபரில் போட்டியின் காலையில் அவர் புறப்படவில்லை. நோயுற்றிருந்தார். தொடங்குமிடம் வரை வந்துவிட்ட ஒரு வீராங்கனை, உலகமே காத்திருக்கும்போது, இன்று என் உடம்பு இதற்கு ஏற்றதன்று என்று சொல்லி விலகுவது எளிதா? ஊர் என்ன பேசும் என்ற அச்சம் ஒரு பக்கம். ஓராண்டு உழைப்பு வீணாகுமே என்ற ஏக்கம் மறுபக்கம். இளமையில் தம் உடம்பின் குரலைக் கேட்க மறுத்த அதே மனம், இப்போது அக்குரலைக் கேட்டுப் பணிந்தது. அவர் பெற்ற பதின்மூன்று வெற்றிகளைவிட, அவர் இறங்காத இந்த ஒரு போட்டியையே நான் பெரிதாக மதிக்கிறேன். உடல் தேறியதும், ஆறு வாரங்கள் கழித்து, அரிசோனாவில் 8 மணி 36 நிமிடம் 13 விநாடியில் வென்றார். 2011 ஜூலையில் ஜெர்மனியின் ரோத் நகரில் 8 மணி 18 நிமிடம் 13 விநாடியில் முடித்து, அத்தொலைவில் பெண்களுக்குரிய உலகச் சாதனையை நாட்டினார்.

அவருடைய கடைசிக் கோனாப் போட்டி 2011 அக்டோபரில் நடந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் மிதிவண்டியிலிருந்து விழுந்து உடம்பின் ஒரு பக்கம் முழுதும் தோல் உரிந்தது. புண்ணில் சீழ் வைத்தது. நீச்சலில் வழக்கத்தைவிடப் பின்தங்கினார். ஓட்டம் தொடங்கும்போது முன்னணியில் இருந்தவர் இருபது நிமிடத்துக்கும் மேல் முன்னால் இருந்தார். கிறிஸ்ஸி மராத்தானை 2 மணி 52 நிமிடம் 41 விநாடியில் ஓடி, 8 மணி 55 நிமிடம் 8 விநாடியில் வென்றார். இரண்டாவதாக வந்த மிரிண்டா கார்பிரேயுக்கும் அவருக்கும் இடையே மூன்று நிமிடம்கூட இல்லை.

இங்கே உங்களுள் சிலர் என்னை மடக்கலாம். நோயுற்றபோது விலகியதைப் பாராட்டினீர். புண்பட்டபோது ஓடியதையும் பாராட்டுகிறீர். இரண்டில் எது சரி என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. காயத்தோடு ஓடுவது எல்லார்க்கும் உரிய வழி என்று நான் கூறமாட்டேன். வளரும் வயதில் உள்ளவர்கள் அதைப் பின்பற்றவே வேண்டா. ஆனால் இரண்டு முடிவுகளுக்கும் அடிப்படை ஒன்றே. 2010-இல் அவர் தம் உடம்பின் நிலையை நோக்கினார். இயலாது என்று கண்டார். 2011-இலும் அதே நிலையை நோக்கினார். வலி உண்டு, ஆயினும் இயலும் என்று கண்டார். பிடிவாதக்காரன் இரண்டு நாளும் ஓடியிருப்பான். அஞ்சுபவன் இரண்டு நாளும் நின்றிருப்பான். நாளுக்கேற்ற விடையைத் தேடுவதற்கு அறிவும் வேண்டும். ஆண்டுக்கணக்கான பழக்கமும் வேண்டும்.

உச்சியில் நிற்பவருக்கு இறங்கத் தெரிவது அரிது. 2012 முழுதும் போட்டியிலிருந்து ஒதுங்கியிருந்த கிறிஸ்ஸி, அவ்வாண்டு டிசம்பரில் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். தோற்றுச் செல்லவில்லை. தாம் தேடியது அந்தக் கடைசிப் போட்டியில் கிடைத்துவிட்டது என்று கருதி, வேறு பணிகளை நாடிச் சென்றார். பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற மிதிவண்டிப் போட்டியில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று 2013-இல் வேறு மூன்று வீராங்கனைகளுடன் சேர்ந்து இயக்கம் நடத்தினார். 2014-இல் பெண்களுக்கு ஒரு நாள் போட்டி தொடங்கியது. 2022 முதல் பல நாள் நடக்கும் முழுப் போட்டியே வந்துவிட்டது. பூங்காக்களில் சனிக்கிழமை காலைதோறும் பொதுமக்கள் கட்டணமின்றி ஐந்து கிலோமீட்டர் ஓடும் பார்க்ரன் என்னும் அமைப்பில், உடல்நலப் பணிக்குத் தலைமை தாங்கினார். ரோத் நகரில் அவர் நாட்டிய சாதனை 2023 வரை நின்றது. சுவிட்சர்லாந்தின் டேனியலா ரைப் அதை முறியடித்தார். சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கே உரியவை.

முறியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அயர்ன்மேன் போட்டியில் முடிப்பதற்கு விதித்த எல்லை 17 மணி நேரம். வென்றவர் மாலைக்குள் ஓய்வுக்குச் சென்றுவிடலாம். கிறிஸ்ஸியோ குளித்து உடைமாற்றி மீண்டும் எல்லைக் கோட்டுக்கு வருவார். நள்ளிரவு வரை நின்று, தள்ளாடி வரும் கடைசி மனிதர்களை வரவேற்பார். முதியவர்களும், உடற்குறை உடையவர்களும், வாழ்வில் முதன்முறையாக இதற்குத் துணிந்தவர்களும் அவர்களுள் இருப்பார்கள். நரம்பு நோயால் உடல் செயலிழந்துவந்த நிலையிலும் 2005-இல் கோனாப் போட்டியை முடித்து, எல்லைக் கோட்டில் உருண்டு கடந்தவர் ஜான் பிளேஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர். அவர் 2007-இல் மறைந்தார். அவர் நினைவாகக் கிறிஸ்ஸியும் தம் வெற்றியின்போது எல்லைக் கோட்டில் உருண்டு காட்டுவதுண்டு. முதலில் வருவது மட்டுமே பொருள் என்று எண்ணியிருந்தால், கடைசியில் வருபவரை வரவேற்கும் மனம் அவருக்கு வந்திராது.

மாணவர்களே, தேர்வுக்கும் பந்தயத்துக்கும் நீங்கள் உழைக்கும்போது உங்கள் உறுதியை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். இது என்னை வளர்க்கிறதா, தேய்க்கிறதா என்று கேளுங்கள். உணவும் உறக்கமும் உங்களுக்குப் பகையாகத் தோன்றத் தொடங்கினால், அதைத் தனியே சுமக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ உடனே சொல்லிவிடுங்கள். சொல்வதால் உறுதி குறைந்துவிடாது. முப்பது வயதில் தொடங்கியவர் உலகை வென்றார் என்றால், பதினாறு வயதில் ஒரு தேர்வில் பின்தங்கியவர் வாழ்க்கையே போயிற்று என்று கலங்க வேண்டுவதில்லை. காலம் இருக்கிறது. உடம்பையும் மனத்தையும் காத்துக்கொண்டு நடந்தால், அந்தக் காலம் உங்களுக்குப் பயன்படும்.